சிறு எஞ்சினுக்கு எந்த எரிபொருள்?

செஞ்சி வட்டாரத்துத் தளவானூர், மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைவித்து அமைத்த சத்துருமல்லேசுவராலயத்தால் சரித்திரம் படிப்போர்க்குத் தெரிந்த ஊர். குடியானவர்களுக்கோ அது மணிலாக் கொல்லைகளும் கிணற்றுப் பாசன நெல்லும் உள்ள ஊர். அவ்வூர்க் கொல்லை ஒன்றில், மல்லாட்டை பிடுங்கி முடிந்த ஒரு மாலைப்பொழுதில், விடுமுறைக்கு வந்திருந்த பாலிடெக்னிக் மாணவர் இருவர் மாதிரி ஹெலிகாப்டர் ஒன்றைக் கிளப்பினர். சிறுவரும் பெரியவருமாகக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அது எவ்வளவு உயரம் போகும், என்ன விலை என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டனர். தோளிலிருந்த பவர் ஸ்பிரேயரைக் கீழே இறக்கி வைத்த முதியவர் ஒருவர் மட்டும், "தம்பி, இதுக்கு என்னத்தை ஊத்துறீங்க?" என்று கேட்டார்.

"மெதனாலும் விளக்கெண்ணெயும், பெரியப்பா. கொஞ்சம் நைட்ரோவும் உண்டு."

விளக்கெண்ணெய் என்றதும் கூட்டம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. அவருடைய ஸ்பிரேயர் முந்தைய சம்பாப் பட்டத்தில், புகையான் மருந்து அடிக்கவேண்டிய தருணத்தில், பிஸ்டன் பிடித்து நின்றுபோயிற்று. சரிசெய்து வருவதற்குள் பூச்சி வயலின் பாதியைத் தீய்த்துவிட்டது. என்னத்தை ஊற்றினோம் என்ற கேள்வி அன்றுமுதல் அவர் மனத்தில் இருந்தது போலும்.

அவர் கேட்டதே கேட்கவேண்டிய கேள்வி. பறக்கும் அச்சிறு பொறியின் எஞ்சினும் அவர் தோளிலிருந்த தெளிப்பானின் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள்; இரண்டிலும் எண்ணெய்க்கென்று தனித் தொட்டி கிடையாது; எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் உயிர். ஆயினும் ஒன்றின் எரிபொருளை மற்றொன்றில் ஊற்றினால் ஒன்று கிளம்பாது, அல்லது கெட்டுப்போகும். உழவு மாட்டுக்கும் பால்குடிக் கன்றுக்கும் ஒரே தீனி வைப்பார் இல்லை. எஞ்சின் விஷயத்திலோ, கையில் கிடைத்தது எதுவோ, விலை குறைந்தது எதுவோ, பக்கத்துக் கொல்லைக்காரர் ஊற்றுவது எதுவோ அதையே ஊற்றுவது வழக்கமாகியிருக்கிறது. இந்த வழக்கம் மாறவேண்டும். எரிபொருளைத் தெரிந்தெடுக்கும்முன் அந்த எஞ்சினில் நெருப்பு எப்படிப் பற்றுகிறது, எண்ணெய் எப்படிப் போய்ச் சேருகிறது, சூடு எப்படித் தணிகிறது என்னும் மூன்றையும் கேட்டறிதல் அவசியம். குடித்தனக்காரர் கேட்கவேண்டியது இன்னொன்றும் உண்டு: அந்த எரிபொருள் வீட்டில் இருக்கத்தக்கதுதானா?

மாதிரி எஞ்சினை முதலில் பார்ப்போம். அதன் தலையில் இருப்பது ஸ்பார்க் பிளக் அன்று. குளோ பிளக் எனப்படும் வேறொரு பொருள். பிளாட்டினம் சேர்ந்த சிறு கம்பிச் சுருள் ஒன்று அதில் உண்டு. கிளப்பும்போது மட்டும் சிறு பாட்டரியால் அச்சுருளைப் பழுக்கச் செய்வர். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பாட்டரியை எடுத்துவிடலாம். மெதனாலின் ஆவி பிளாட்டினத்தைத் தொடுகையில் நேரும் இரசாயன மாறுதலும், முந்தைய எரிப்பின் சூடும், அமுக்கமும் சேர்ந்து சுருளைத் தணியவிடாமல் காக்கும். அமெரிக்கரான ரே ஆர்டன் 1947ல் இவ்வகைப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர், மாதிரி விமானக்காரர்கள் மாக்னெட்டோ, காயில் என்னும் சுமைகளை இறக்கி வைத்தனர். இச்சுருளைப் பெட்ரோல் இவ்விதம் காக்காது. ஆகவே குளோ பிளக் எஞ்சினில் பம்ப்பு பெட்ரோலை ஊற்றி, ஏன் ஓடவில்லை என்று கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

விளக்கெண்ணெய்க்கு வருவோம். ஆல்கஹாலில் எளிதாகக் கரையும் எண்ணெய்களில் அது முக்கியமானது. பெட்ரோலிலோ நன்கு கலவாது. இவ்விரு குணங்களும் வெவ்வேறு காலத்தில் மனிதனுக்கு உதவியிருக்கின்றன. 1914ல் மூண்ட உலக யுத்தத்தில் பறந்த விமானங்கள் பலவற்றில், சிலிண்டர்களெல்லாம் சக்கரம்போல் சுழலும் எஞ்சின்கள் இருந்தன. அவற்றில் பெட்ரோல் எஞ்சினின் உட்புறம் முழுதும் சென்று வரும். வேறு எண்ணெய் ஊற்றினால் பெட்ரோல் அதைக் கழுவிக் கொண்டுபோய்விடும். அதனால் பெட்ரோலுக்குக் கரையாத விளக்கெண்ணெயை ஊற்றினர். மாதிரி எஞ்சினிலோ அது மெதனாலில் கரைவதால் வேண்டப்படுகிறது. சூடு மிஞ்சும்போது மற்ற எண்ணெய்கள் எரிந்து விலகிவிட, விளக்கெண்ணெய் கெட்டிப்பட்டுப் பிசின்போல் உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். பிஸ்டன் பிடிக்கும் தறுவாயிலும் கடைசிவரை காப்பது அதுவே. அந்தப் பிசினே பிறகு எஞ்சினில் கறையாகப் படிகிறது என்பது அதன் குறை. ஆதலால் செயற்கை எண்ணெயோடு சிறிது விளக்கெண்ணெயைச் சேர்த்து விற்போரும் உண்டு.

மணிலாக் கொல்லையின் ஓரத்தில் புரோடீனியாப் புழுவை இழுத்துப் பிடிக்க ஆமணக்கு நடச் சொல்வது விவசாய இலாகாவின் பழைய யோசனை. அந்த வரப்புச் செடியின் கொட்டையே வான்வழி ஓடும் எஞ்சினுக்கு எண்ணெய் தருகிறது என்பதைக் கூட்டத்தில் சிரித்தவர்கள் அறிந்திருந்தால் சிரித்திருக்கமாட்டார்கள். உலகச் சந்தைக்குச் செல்லும் விளக்கெண்ணெயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே, அதிலும் குஜராத்திலிருந்தே போகிறது. நம் மாகாணத்தில் சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கங்களில் ஆமணக்குப் பயிர் உண்டு. ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் அதற்காகவும் வேலை செய்து வருகிறது.

மாதிரி விமானத்தைவிட மாதிரி ஹெலிகாப்டரின் எஞ்சினுக்கு உழைப்பு அதிகம். விமானம் முன்னேறும்போது எதிர்க்காற்று எஞ்சின்மேல் தானே வீசும். இறங்கும்போது எஞ்சினுக்கு ஓய்வும் கிடைக்கும். ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஒரே வேகத்தில் சுழலவேண்டும். எஞ்சினோ கூட்டுக்குள் அடைபட்டு, ஒரு சிறு விசிறியின் காற்றை நம்பியிருக்கிறது. இதனால் அதன் எரிபொருளில் எண்ணெய் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இருக்கும். நைட்ரோமீத்தேன் நூற்றுக்கு 15 முதல் 30 பங்குவரை சேர்ப்பர், மிச்சம் மெதனால். நைட்ரோ சேர்த்தால் பலம் கூடும், மெதுவோட்டம் சீர்ப்படும் என்பது உண்மை. கூடக்கூட நல்லது என்பது உண்மையன்று. அமுக்கம் மிகுந்த எஞ்சினில் அது மிகுந்தால் எரிப்பு முந்தி வந்து உட்புறத்தை அடித்து நொறுக்கும். விலையும் அதிகம், வெடிக்கும் இயல்பும் அதற்கு உண்டு.

காற்றின் அளவையும் இங்கே சொல்லவேண்டும்; தெளிப்பானுக்கு அது பின்னர் உதவும். ஒரு பங்கு எடை பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு, மெதனாலுக்கு 6.4 பங்கு, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 பங்கு போதும். அதாவது அதே காற்றுக்கு மெதனால் இருமடங்குக்கு மேல் உள்ளே போகவேண்டும். அப்படிப் போவதால் தொட்டி விரைவில் காலியாகும். அதே காரணத்தால், ஆவியாகும்போது வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கவும் செய்யும். கார்புரேட்டரின் ஊசியைத் தேவைக்கு மேல் முடுக்கிவிட்டால் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவையில் எஞ்சின் முதலில் துள்ளிக்கொண்டு ஓடும்; பார்ப்பவர் மெச்சுவர்; சற்று நேரத்தில் பிஸ்டன் பிடிக்கும். பறக்கும்போது புகைக்கோடு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது மாதிரி ஹெலிகாப்டர்க்காரரின் பழைய பாடம். புகை நின்றால் எண்ணெயும் நின்றது என்று கொள்க.

இவ்வளவு நற்குணங்கள் இருந்தும், தளவானூர் போன்ற ஓர் ஊரில் குடியானவர் வீட்டுக்குள் மெதனால் வருதல் தகாது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடம் வேண்டியதில்லை. பார்வைக்குத் தண்ணீர், மணத்திலோ சாராயம், பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலைகூடச் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. உடம்புக்குள் சென்றால் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பத்து மில்லி கண்ணைக் கெடுக்கவும், முப்பது மில்லி உயிரைப் போக்கவும் கூடும். தோல் வழியாகவும் அது உள்ளே செல்லும். 2023 மே மாதத்தில் இதே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியிலும் செங்கற்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மெதனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கெல்லாம் குடித்தவர் எவரும் இன்னது குடிக்கிறோம் என்று அறிந்து குடித்தவரல்லர். தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி மாடத்தில் வைத்த எரிபொருளை, கொல்லையிலிருந்து களைத்து வரும் ஒருவர் எடுத்துக் குடிக்கமாட்டார் என்று எவர் உறுதி கூறுவார்? உரிமம் இன்றி மெதனாலை வாங்குவதும் வைத்திருப்பதும் சட்டத்துக்கும் மாறானது. இந்தச் சட்டத்தைத் தொல்லை என்று கருதும் இளைஞர் மரக்காணம் வரை ஒருமுறை போய் வருதல் நலம்.

பொறி இயலில் ஆசையுள்ள பிள்ளைகளைத் தடுக்கவேண்டும் என்பதன்று கருத்து. ஸ்பார்க் பிளக்கும் பெட்ரோலும் கொண்டு ஓடும் மாதிரி ஹெலிகாப்டர் எஞ்சின்களும் இருக்கின்றன. வாங்கும்போது விலை சற்று அதிகம். ஓட்டும்போது செலவு குறைவு. அதற்குப் போடும் எண்ணெயும் பெட்ரோலில் கலக்கும் சாதாரண டூ ஸ்ட்ரோக் எண்ணெயே. கிராமத்துப் பிள்ளை கற்கவேண்டிய எஞ்சின் அதுதான். ஏனெனில் அதைக் கற்றவன் தகப்பனாரின் ஸ்பிரேயரையும் கற்றவனாவான்.

பெரிய அளவில் வேளாண்மைக்கென்றே ஆளில்லா ஹெலிகாப்டர் செய்த ஜப்பானியரும் இம்முடிவுக்கே வந்தனர். சிறு வயல்களும் முதிர்ந்த உழவர்களும் நிறைந்த அந்நாட்டில், நெற்பயிருக்கு மருந்து அடிக்க யமாஹா கம்பெனியார் 1987ல் ஆர்-50 என்னும் ஹெலிகாப்டரை வெளியிட்டனர். அது 20 கிலோ மருந்தைத் தூக்கியது. 1997ல் வந்த ஆர்-மாக்ஸ் என்பதன் எஞ்சின் 246 சி.சி. கொள்ளளவும் இரண்டு சிலிண்டர்களும் நீர்க்குளிர்ச்சியும் உடைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்கு ஊற்றியது மெதனாலன்று. சாதாரணப் பெட்ரோலும் டூ ஸ்ட்ரோக் எண்ணெயும் கலந்த கலவை. ஒரு நாளில் பல வயல்களைச் சுற்றவேண்டிய பொறிக்கு எங்கும் கிடைக்கும் எரிபொருளே ஏற்றது என்று கண்டனர். 2013ல் பேஸர் என்னும் அடுத்த வகையில் 390 சி.சி. போர் ஸ்ட்ரோக் எஞ்சினை வைத்து, எண்ணெய் கலக்கும் வேலையையே ஒழித்தனர். புகையும் குறைந்தது. பறப்பதற்கு எது பலமானது என்பதோடு நில்லாமல், வயல் வரப்பில் நிற்பவன் கையில் எது தவறாமல் இருக்கும் என்பதையும் அவர்கள் கேட்டுப் பார்த்தனர். இந்தக் கேள்வியை நம்மவர் கேட்பது குறைவு.

இனித் தோளில் தொங்கும் தெளிப்பானுக்குத் திரும்பலாம். பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின், சிறு வகைக் களைக் கருவி ஆகியவற்றில் பல டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டவை. அவற்றுக்கு எரிபொருள் பெட்ரோல்தான் என்பதில் சந்தேகமில்லை. சந்தேகம் எழுவது வேறிடத்தில்: பம்ப்பில் இன்று பிடிக்கும் பெட்ரோல் பழைய பெட்ரோல் அன்று. 2018ல் வகுத்த உயிரி எரிபொருட் கொள்கையில் 2030க்கென்று வைத்த இலக்கை 2022ல் முன்னுக்குக் கொண்டுவந்தனர்; நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் கரும்பிலிருந்தும் சோளம் அரிசி முதலிய தானியங்களிலிருந்தும் வருவது. கரும்பு பயிரிடும் விழுப்புரத்துக் குடியானவர் அதை வெறுக்கக் காரணமில்லை. அவர் விளைவித்த பொருளுக்கு அது ஒரு சந்தை. ஆயினும் தம் சரக்கே தம் ஸ்பிரேயரைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

கெடுப்பது எவ்வாறு என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அடுப்பும் பீடியும் இல்லாத திறந்தவெளியில், நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றில் 10 மில்லி தண்ணீரை ஊற்றிக் கோடு போட்டு, அதன்மேல் 90 மில்லி பெட்ரோலை ஊற்றி, மூடிக் குலுக்கிச் சற்று நேரம் வைக்கவேண்டும். அடியில் 10 மில்லியாக நின்ற தண்ணீர் இருமடங்குக்கும் மேல் உயர்ந்து நிற்கும். பெட்ரோலில் மறைந்திருந்த எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து இறங்கிவிட்டது என்பது பொருள். ஸ்பிரேயரின் தொட்டியிலும் இதுவே நடக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மூடி தளர்ந்த கேனுக்குள் ஈரக்காற்றும் நீர்த்துளியும் புகும். எத்தனால் அவற்றை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓரளவுவரை ஒன்றும் தெரியாது. அளவு மிஞ்சியதும் எத்தனாலும் நீரும் ஒன்றாக அடியில் பிரிந்து தங்கும். டூ ஸ்ட்ரோக் எண்ணெயோ மேலே பெட்ரோலோடு நிற்கும். தொட்டியின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவது. ஆகவே எஞ்சின் ஓடினால், ஓடும் அந்தச் சில நிமிஷங்களும் எண்ணெயில்லாமலே ஓடும். எண்ணெயை அளந்து ஊற்றிய உழவர்களின் எஞ்சினிலும் பிஸ்டன் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். மெக்கானிக்கும் கம்பெனியும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருக்க, குற்றம் கேனில் இருக்கிறது.

நீர் புகாவிட்டாலும் மற்றொரு கெடுதல் உண்டு. எத்தனாலுக்குக் காற்று குறைவாகவே வேண்டும் என்று மேலே கண்டோம். பழைய பெட்ரோலுக்கென்று துளையிட்ட கார்புரேட்டரில் இப்பெட்ரோலை விட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். புதிய மோட்டார் வாகனங்களில் இதை உணர்ந்து திருத்திக்கொள்ளும் கருவி உண்டு. ஸ்பிரேயருக்கு அந்த மூளை கிடையாது. பழைய ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டரின் மெல்லிய ரப்பர்த் தகடும் எத்தனாலில் ஊறி உப்பியோ விறைத்தோ போகும். பல சிறு எஞ்சின்களின் கையேட்டில் எத்தனால் நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கிறது. கையேட்டைப் படித்து வாங்குவோர் குறைவு. வாங்கும்போதே, இது 20 பங்குக்கு ஏற்றதா என்று கேட்டு, ஏற்றது என்று எழுதி வாங்குதல் வேண்டும். முன்னமே வாங்கிய கருவியாயின் ரப்பர்க் குழாய்களை மாற்றி, திருகு உள்ளதாயின் கலவையைச் சற்றுச் செழுமையாக வைக்கச் சொல்லலாம்.

எண்ணெய்க் கலவையில் நடக்கும் பிழைகள் இதைவிடப் பழையவை. ஐம்பதுக்கு ஒன்று என்று கையேடு சொன்னால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் 'ஒரு மூடி', 'ஒரு மடக்கு' என்றே கொல்லைகளில் அளக்கிறார்கள்; எந்தப் பாட்டிலின் மூடி என்று எவரும் கேட்பதில்லை. எண்ணெய் கூடினால் பிளக்கு கரியேறும். அது துடைத்தால் போகும். குறைந்தால் சிலிண்டர் போகும். சந்தேகம் வந்தால் கூட்டி ஊற்றுவதே மேல். டிராக்டருக்கு வாங்கிய எஞ்சின் எண்ணெயில் மிச்சமிருப்பதை இதில் ஊற்றுவது தவறு. எரிவதற்கென்று செய்யப்படாத அந்த எண்ணெய் சாம்பலாகிப் பிளக்கிலும் புகைவாயிலிலும் அடையும். படகு எஞ்சினுக்கென்று விற்கும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் நீரால் குளிரும் எஞ்சினுக்கானது. காற்றால் குளிரும் ஸ்பிரேயருக்கு அதன் காப்புப் போதாது. டப்பாவின்மேல் ஜாஸோ எப்.சி. அல்லது எப்.டி. என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். பொம்மை ஹெலிகாப்டரைப் பார்த்துவிட்டு வீட்டு விளக்கெண்ணெயைப் பெட்ரோலில் ஊற்றிப் பார்க்கத் தோன்றுவோர்க்கும் ஒரு வார்த்தை: அது நேரே அடியில் போய்த் தங்கிக் கார்புரேட்டரை அடைக்கும்.

மண்ணெண்ணெயைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய பம்ப் எஞ்சின்கள் அமுக்கம் குறைவாக அமைந்தவை, அதற்கென்றே செய்யப்பட்டவை. அந்த நினைவில் ஸ்பிரேயரிலும் அதைக் கலப்பவர், எஞ்சினுக்குள் சுத்தியலை விட்டு அடிப்பவரே ஆவார்.

பெட்ரோல் எஞ்சினே வேண்டாம், பாட்டரி வந்துவிட்டது என்போரும் உண்டு. கை தெளிப்பானின் அளவுக்குப் பாட்டரித் தெளிப்பான் போதுமானது. ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர்க்காரர் அதை வாங்குவதே சிலாக்கியம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தரும் மத்திய சர்க்காரின் திட்டம் 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. அந்த ட்ரோன்கள் பாட்டரியில் பறப்பவை. மருந்துச் சுமையோடு ஒரு பாட்டரி பத்துப் பதினைந்து நிமிஷம்தான் நிற்கும். வயலோரத்தில் மின்சாரம் இல்லாதபோது அப்பாட்டரிகளை ஏற்றிக்கொண்டிருப்பது ஒரு சிறு ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டரின் தொட்டியில் இருப்பது அதே 20 பங்கு எத்தனால் பெட்ரோல். வானத்தில் பறப்பது மாறினாலும் வரப்பில் இருக்கும் கேன் மாறவில்லை.

மானிய விலையில் கருவிகளைத் தருவது நல்ல காரியம். கருவியோடு ஒரு மாலையும் போட்டோவும் தருகிறார்கள்; இருபது ரூபாய் பெறாத ஓர் அளவுக் குவளையைத் தருவதில்லை. மருந்தின் அளவைப் பற்றி ஆண்டு முழுதும் பேசும் இலாகாக்கள், அம்மருந்தை அடிக்கும் எஞ்சினின் எண்ணெய் அளவைப் பற்றி ஒரு நாளாவது வயல்விளக்கம் நடத்துவது தகும். மேலே சொன்ன கண்ணாடிக் குழாய்ப் பரீட்சைக்கு ஐந்து நிமிஷமும் அரை ஆழாக்குப் பெட்ரோலும் போதும். செஞ்சி விற்பனைக் கூடத்தில் மூட்டையை இறக்கிவிட்டு ஏலத்துக்குக் காத்திருக்கும் குடியானவர் கூட்டத்தைவிட அதற்கு ஏற்ற சபை வேறில்லை. பாலிடெக்னிக் படிக்கும் அவர்கள் பிள்ளைகளையே அழைத்துச் செய்து காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

அதுவரை செய்யக்கூடியவை சில. பெட்ரோலைப் பத்துப் பதினைந்து நாள் தேவைக்கு மட்டும் வாங்கி, இறுகிய மூடியுள்ள தகரக் கேனில், வெயிலும் சாரலும் படாத இடத்தில், வீட்டுக்கு வெளியே வைக்கவேண்டும். தண்ணீர்ப் பாட்டிலில் எக்காரணத்தாலும் கூடாது. எண்ணெயை அன்றன்றைக்கு வேண்டிய அளவே கலந்து, ஊற்றும்முன் கேனை நன்றாகக் குலுக்கவேண்டும். சந்தேகமுள்ள பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், பிரிந்திருப்பின் கோடு தெரியும். தெரிந்தால் அதை எஞ்சினுக்கு விடலாகாது. பட்டம் முடிந்து ஸ்பிரேயரைப் பரணில் ஏற்றும்முன் தொட்டியைக் காலி செய்து, எஞ்சினைக் கிளப்பித் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் எண்ணெயைத் துளையில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்துப் பிளக்கைத் திரும்பப் பூட்டவேண்டும். அடுத்த சம்பாவில் முதல் புகையான் தென்படும் நாளில் அது கிளம்பும்.